டிரைவருக்குள் ஒரு கேஷ்: யாருக்கு லாபம்?

கோடில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம், ஜேடிபிசி டிரைவரை மட்டும் மாற்றிப் போடுங்கள், க்வெரி பறக்கும் என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. அதே செலக்ட் திரும்ப வந்தால், போன தடவை வாங்கி வைத்த விடையை டிரைவரே எடுத்து நீட்டிவிடும். டேட்டாபேஸ் வரை போகிற வேலையே இல்லை. அந்த விடை பழசாகிவிட்டது என்று டிரைவருக்கு யார் சொல்வது? எனக்கு இடிக்கிற இடம் அதுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டோர்ஸில் ஒரு கம்ப்யூட்டர், டெஸ்பாட்ச்சில் ஒன்று. ஸ்டோர்ஸ்காரர் 200 பிராக்கெட்டை வெளியே கொடுத்துவிட்டுப் பதிவு செய்கிறார். அவர் மெஷினில் இருக்கும் டிரைவருக்கு அது தெரியும், அதன் வழியாகப் போன அப்டேட் ஆச்சே. டெஸ்பாட்ச் மெஷினில் இருப்பதற்கு எப்படித் தெரியும்? அது பழைய கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும், இல்லாத சரக்குக்கு லாரி வந்து நிற்கும்.

சரி, ஸ்டாக்கை விடுங்க, மாறாத டேபிள்களை மட்டும் கேஷ் பண்ணலாமே என்பார்கள். பின்கோடு என்றால் நானும் சரி என்பேன். ஆவடி 600054, பூந்தமல்லி 600056, அது பாட்டுக்கு இருக்கும். ஆனால் வரி விகித டேபிள்? 28 சதவீத ஜிஎஸ்டியில் இருந்த வாகன உதிரிபாகங்கள் 2025 செப்டம்பர் 22 அன்று 18 சதவீதத்துக்கு வந்தன. நள்ளிரவில் டேபிளைச் சரியாக அப்டேட் பண்ணியிருந்தாலும், முந்தின நாள் சாயங்காலம் 24 மணி நேரத்துக்கு என்று நிரப்பிய கேஷ், காலையில் 28 போட்டே இன்வாய்ஸ் அடிக்கும். கோடில் யாரும் கை வைக்கவில்லை, டேபிளிலும் சரியாக இருக்கிறது. தப்பு எங்கே என்று தேடவே அரை நாள் போகும்.

(லாகின் மாறினால் பார்க்கும் உரிமையும் மாறுமே, அதை கேஷ் கவனிக்கிறதா என்பது தனிப் பஞ்சாயத்து.)

மைஎஸ்க்யூஎல் இதே கேஷை சர்வருக்குள்ளேயே வைத்திருந்தது. ஒரு டேபிளில் ஒரு வரி மாறினாலும், அந்த டேபிளைத் தொட்ட எல்லா விடைகளையும் தூக்கிப் போட்டுவிடும். விடை பழசாகாது, ஆனால் எழுத்து அதிகமான இடங்களில் அந்தப் பூட்டிலேயே எல்லோரும் வரிசையில் நின்றார்கள். 2018-இல் வந்த 8.0-வில் அதை எடுத்தேவிட்டார்கள்.

ஆரக்கிள் 2007-இல் 11ஜி-யோடு கொண்டுவந்த க்ளையன்ட் கேஷ்தான் எனக்குக் கொஞ்சம் நியாயமாகப் படுகிறது. என்ன மாறியது என்று சர்வரே தன் பதில்களோடு சேர்த்துச் சொல்லி அனுப்புகிறது. சர்வரிடம் கடைசியாகப் பேசி 3 விநாடிக்கு மேல் ஆகியிருந்தால், கேஷில் விடை இருந்தாலும் ஒரு தடவை போய்க் கேட்டுவிட்டு வரும். இந்த 3 விநாடி ஒரு செட்டிங், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பாருங்க, அதில் எதை கேஷ் செய்யலாம் என்று டேபிளிலோ க்வெரியிலோ ஒருத்தர் குறித்துக் கொடுக்க வேண்டும். கேஷின் அளவும் முதலில் பூஜ்யம்தான், நாமாகத்தான் திறக்க வேண்டும்.

தானாக நடக்கும் என்று விற்கிறவர்களிடம் நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். இந்த விடை கேஷிலிருந்து வந்தது, இத்தனை மணிக்கு எடுத்தது என்று லாகில் ஒரு வரி, அதுவும் கேட்காமலேயே எழுதும்படி.