கண்ணுக்கு நேரே வழி

பைக்குக்கு நான் வாங்கிப் பூட்டிய சாமான்கள் ஏராளம். கிராஷ் கார்டு, பக்கவாட்டுப் பெட்டிகள், பனி விளக்குகள், மெத்தை சீட் என்று பட்டியல் போகும். எதைப் பற்றியும் இப்படி ஊரைக் கூட்டிச் சொன்னதில்லை. கார்மின் ஸூமோ எக்ஸ்டி என்கிற ஜிபிஎஸ் கருவியையும், அதைத் தாங்கிப் பிடித்திருக்கும் ராம் மவுண்ட்டையும் பற்றி மட்டும் யார் சிக்கினாலும் பேச ஆரம்பித்துவிடுகிறேன். வீட்டில் பேச்சை மாற்றுகிறார்கள். டீக்கடையில் நண்பர்கள் காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நீங்களாவது கடைசி வரை உட்கார்ந்து கேளுங்கள்.

என்னுடையது 411 சிசி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். ட்ரிப்பர் வருவதற்கு முந்தைய மாடல். ட்ரிப்பர் என்றால், 2020 நவம்பரில் மீட்டியோர் 350-உடன் அந்த நிறுவனம் கொண்டுவந்த குட்டி வட்டத் திரை. செல்போனோடு ப்ளூடூத்தில் சேர்ந்துகொண்டு, அடுத்த திருப்பம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று அம்புக்குறி காட்டும். பிறகு 2023-ல் வந்த ஹிமாலயன் 450-ல் நான்கு அங்குல வட்டத் திரையில் கூகுள் வரைபடமே முழுசாக வந்துவிட்டது. புதிதாக வண்டி வாங்குகிறவர்களுக்கு யோகம்தான். பழைய வண்டியை விடவே மனசு வராத என்னைப் போன்றவர்கள்தான் தேடிப் பூட்ட வேண்டும்.

தேடலில் கண்முன் நின்றவை மூன்று வழிகள். முதலாவது, கையில் இருக்கும் செல்போனையே ஹேண்டில்பாரில் மாட்டுவது. இரண்டாவது, அம்புக்குறி மட்டும் காட்டும் சின்னக் கருவி. லண்டன்காரர்களின் பீலைன் மோட்டோ இந்த ரகம். பார்க்க அழகு, இடத்தை அடைக்காது, பார்த்த நொடியில் புரியும். நகரத்துக்குள் அது போதும். மலைப்பாதையில் அம்புக்குறி எனக்குப் போதவில்லை. அடுத்த வளைவு எப்படி வளைகிறது, பக்கத்தில் வேறு ரோடு இருக்கிறதா, ஆறு எங்கே போகிறது என்றெல்லாம் பார்க்கிற ஆசாமி நான். எனக்கு வரைபடம் வேண்டும். மூன்றாவது, பைக்குக்கென்றே பிறந்த ஜிபிஎஸ்.

செல்போனை நான் குறைத்துச் சொல்லவில்லை. இன்று பெரும்பாலானவர்கள் அதை வைத்துத்தான் லடாக் வரை போய்வருகிறார்கள். ஆனால் நம்மூர் மே மாத வெயிலில், கரூர் தாண்டிப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போகும்போது, சார்ஜரும் செருகிய செல்போன் கொதித்துத் திரையை மங்கலாக்கிக்கொள்ளும். மழையில் ஒவ்வொரு சொட்டும் ஒரு விரலாகி, வரைபடத்தைக் கண்ட இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். இன்னொன்று அதிர்வு. ஒற்றை சிலிண்டர் வண்டியின் நடுக்கம் ஹேண்டில்பார் வழியாக நேராக செல்போனின் கேமராவுக்குப் போகிறது. படம் ஆடாமலிருக்க லென்ஸை நுணுக்கமாக அசைக்கும் பகுதி அதற்குள் இருக்கிறது. அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு அதைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. இந்த அதிர்வுக்காகவே குவாட் லாக் போன்றவர்கள் அதிர்வை விழுங்கும் டாம்பனரைத் தனியாக விற்கிறார்கள். செல்போன்தான் மாட்டப்போகிறீர்கள் என்றால் அந்த டாம்பனரை மறக்காமல் வாங்குங்கள்.

இப்போது என் செல்லத்துக்கு வருகிறேன். ஸூமோ எக்ஸ்டி 2020-ல் வெளிவந்தது. ஐந்தரை அங்குலத் திரை. வெளிச்சம் 1,050 நிட்ஸ். உச்சி வெயில் முதுகுப் பக்கத்திலிருந்து நேராகத் திரையில் அடித்தாலும் ரோட்டின் கோடு பளிச்சென்று தெரிகிறது! கையுறை போட்ட விரலுக்கு மரியாதையாகப் பதில் சொல்கிறது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்கிற ஐபிஎக்ஸ் 7 தரம். ஐப்பசி மழையில் நான் பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கி நிற்க, இது பாட்டுக்கு வண்டி மேலேயே நனைந்துகொண்டு நின்றது. கீழே விழுந்தாலும் தாங்கும் இராணுவத் தரம் வேறு. அமெரிக்காவில் வெளியானபோது விலை 500 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 38,000 ரூபாய். சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தை மகன்தான் கொண்டுவந்து கொடுத்தான். விலையைக் கேட்டதும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே ஒரு தீர்ப்புதான்.

வரைபடத்துக்கும் வழி இருக்கிறது. கருவியில் மெமரி கார்டு போடும் துளை உண்டு. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்பது 2004-ல் தொடங்கிய, உலகெங்கும் ஆர்வலர்கள் சேர்ந்து வரைகிற இலவச வரைபடம். அதைக் கார்மின் கருவிக்கு ஏற்ற வடிவில் இறக்கி, கார்டில் ஏற்றிப் போட்டால் இந்தியா முழுக்கத் திரையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. யாரோ முகம் தெரியாத ஒருவர் நம்ம ஊர் ஏரிக்கரைச் சாலையை உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்று பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது.

நிறையப் பேர் கேட்கும் கேள்வி: "டவர் கிடைக்காத இடத்தில் இது எப்படி வேலை செய்யும்?" ஜிபிஎஸ்ஸுக்கும் டவருக்கும் சம்பந்தமே இல்லை. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டே நேரத்தை அறிவித்துக்கொண்டிருக்கின்றன. அந்த அலை நம்மை வந்தடைய நொடியில் பத்தில் ஒரு பங்குகூட முழுசாக ஆவதில்லை. நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்டுவிட்டால் போதும், நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்குப் போட்டுவிடும். கேட்பது மட்டும்தான் அதன் வேலை, நம்மிடமிருந்து எதுவும் மேலே போவதில்லை. சிம் வேண்டாம், டேட்டா வேண்டாம். வரைபடம் உள்ளேயே இருந்தால் நடுக்காட்டிலும் ரோடு தெரியும். செல்போனிலும் இதே கதைதான். கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் அதுவும் கைவிடாது.

சரி, கருவி வந்தாயிற்று. அதை எங்கே உட்கார வைப்பது? என்னைக் கேட்டால், கருவிக்குக் கொடுக்கிற அக்கறையில் சரிபாதியை இந்தக் கேள்விக்குக் கொடுக்க வேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள். அறுபதில் போகிற வண்டி ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் நகர்கிறது. டேங்குக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, தலையைக் குனிந்து இரண்டு நொடி பார்த்தால் முப்பது மீட்டருக்கு மேல் ரோட்டைப் பார்க்காமலே கடந்திருப்போம். நம்ம ரோட்டில் அந்த முப்பது மீட்டருக்குள் ஒரு ஆடு, ஒரு வேகத்தடை, எதிரே வரும் டவுன் பஸ் எல்லாம் அடங்கிவிடும். ஆகவே திரை உயரத்தில் இருக்க வேண்டும். மீட்டருக்கு மேலே, முன்கண்ணாடிக்குப் பின்னால், ரோட்டைப் பார்க்கிற கண் கொஞ்சமே கொஞ்சம் இறங்கினால் படும்படி.

ஹிமாலயனில் அந்த இடம் கச்சிதமாக இருக்கிறது. முன்கண்ணாடி வண்டியின் உடம்போடு சேர்ந்து நிற்பதால், ஹேண்டிலைத் திருப்பினாலும் அது திரும்புவதில்லை. அதற்குப் பின்னால் குறுக்கே ஒரு கம்பி கிடைத்தால் போதும். எங்கள் தெரு லேத் பட்டறைக்காரரிடம் போய் 16 மில்லிமீட்டர் அலுமினியக் குழாயில் ஒரு கம்பி செய்து கேட்டேன். அளவெடுத்துக்கொண்டே சிரித்தார். "என்ன தம்பி, வண்டிக்கு டிவி வைக்கிறீங்களா?" என்றார். "ஆமாண்ணே, ஒரே ஒரு சேனல்தான் வரும்" என்றேன். மறுநாள் மாலை முனை மழுக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்து, கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல ஒன்றைக் கொடுத்தார்.

அந்தக் கம்பி மேல் ஏறியது ராம் மவுண்ட். சியாட்டில் நகரத்து நேஷனல் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் சரக்கு. ஐடியா ரொம்ப எளிமை. ரப்பர் போர்த்திய ஒரு பந்து கம்பியில், இன்னொரு பந்து கருவியின் முதுகில். இரண்டையும் கவ்விப் பிடிக்கும் ஒரு கை, நடுவில் ஒரே ஒரு திருகு. திருகைத் தளர்த்தினால் எந்தக் கோணத்துக்கும் திரும்பும், இறுக்கினால் பாறை. ரப்பர் இருப்பதால் சின்ன நடுக்கங்களை அதுவே தின்றுவிடுகிறது. பந்தில் பல அளவுகள் உண்டு. ஸூமோவுக்கு வருவது ஒரு அங்குலப் பந்து, அதற்கு 'பி' அளவு என்று பெயர். யூ-போல்ட் அரை அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் வரை எந்தக் கம்பியையும் பிடிக்கும். ஹேண்டில்பாரிலேயே மாட்டுகிறவர்கள் முதலில் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். நம்மூர் வண்டிகளில் 22 மில்லிமீட்டர் பரவலாக இருக்கும். நடுவில் தடித்த ஹேண்டில்பாரில் அது 28.6 வரை போகும்.

மாட்டும்போது பார்க்க வேண்டிய சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். நட்டுகளுக்கு நீல நிறத் த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு விடுங்கள், அதிர்வில் கழன்று வராது. கருவியை ஒரு மெல்லிய கயிற்றால் கம்பியோடு கட்டிவிடுங்கள், மவுண்ட் ஏமாற்றினாலும் கருவி கையை விட்டுப் போகாது. மீட்டரும் எச்சரிக்கை விளக்குகளும் மறையக் கூடாது. சீட்டில் உட்கார்ந்து, நின்று, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்த பிறகே திருகை இறுக்குங்கள்.

அடுத்தது கரண்ட். ஸூமோவின் தாங்கியிலிருந்தே வயர் வருகிறது, 12 வோல்ட்டில் நேராக ஓடும். நேராக பேட்டரியில் கொடுத்தால், வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடிக்கும். சாவி திருப்பினால் மட்டும் உயிர் வரும் வயரில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். நடுவில் ஃப்யூஸ் கட்டாயம். எங்கள் மெக்கானிக் தம்பி வயரை டேங்குக்கு அடியில் விட்டு, ஹேண்டில் திரும்பும் இடத்தில் கொஞ்சம் தளர்வாகச் சுற்றி, ஃப்ரேமோடு டேப் போட்டு ஒட்டினான். வேலை முடிந்ததும் வெளியே ஒரு அங்குல வயர்கூடத் தெரியவில்லை. சாவியைத் திருப்பினேன், திரை எரிந்தது. தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் கை முழுக்க கிரீஸ். பரவாயில்லை.

இதன் முழு அருமை தெரிந்தது கொல்லிமலையில்தான். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். பனி இறங்கிய காலை, பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. திரையிலோ அடுத்த வளைவு எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மை என்பது முன்கூட்டியே வந்து நிற்கிறது. கியரைக் குறைக்கிறேன், ஹாரன் அடிக்கிறேன், உள்ளே சாய்கிறேன். கண் ரோட்டை விட்டு விலகவே இல்லை! மேலே செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே, இறங்குவதற்கு முள்ளுக்குறிச்சி வழியைத் திரையில் நகர்த்திப் பார்த்துக்கொண்டேன். ஏறியது ஒரு பக்கம், இறங்கியது இன்னொரு பக்கம். வந்த பாதை முழுவதையும் கருவி தானாகவே கோடாகப் பதிந்து வைத்திருந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது தனிச் சுகம். அந்தக் கோட்டை ஜிபிஎக்ஸ் கோப்பாக நண்பனுக்கு அனுப்பினால், அவனும் அதே தடத்தில் போய்விட்டு வரலாம்.

திம்பத்தின் 27 வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகள் என்று எங்கே போனாலும் இதே ஆனந்தம்தான். வழி சொல்லும் குரல் ப்ளூடூத்தில் ஹெல்மெட்டுக்குள் மெதுவாகக் கேட்கும். திருப்பத்தைக் காது பார்த்துக்கொள்கிறது, சந்தேகம் வந்தால் மட்டும் கண் எட்டிப் பார்க்கிறது. வழி தவறிவிடுமோ என்கிற பயம் மனசை விட்டுப் போனதும், மலை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது தெரியுமா!

அதற்காக ஊர்க்காரர்களிடம் வழி கேட்பதை நான் விடவில்லை. நேற்றைய மழையில் தரைப்பாலம் மூழ்கிவிட்டதா, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதெல்லாம் செயற்கைக்கோளுக்குத் தெரியாது, டீக்கடை அண்ணனுக்குத்தான் தெரியும்.

சட்டமும் நம் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், வண்டி ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில், பயன்படுத்தலாம் என்கிறது. போகுமிடத்தை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். ஓடும் வண்டியில் திரையைத் தடவ வேண்டாம்.

ஸூமோவுக்கு அவ்வளவு பணம் கொடுக்க எல்லோராலும் முடியாது, எனக்குத் தெரியும். அலமாரியில் தூங்கும் பழைய செல்போனை எடுங்கள். ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் செயலியில் தமிழ்நாட்டு வரைபடத்தை இறக்குங்கள். நல்ல மவுண்ட், டாம்பனர், ஃப்யூஸ் போட்ட சார்ஜர் மூன்றையும் வாங்குங்கள். புது செல்போன் பாக்கெட்டில் பத்திரமாக இருக்கட்டும். வழிகாட்டி எதுவாக இருந்தாலும், அதைக் கண்ணுக்கு நேரே, உறுதியாக மாட்டுங்கள். கருவிக்குக் கொடுக்கும் காசில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, மவுண்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்.