கை படாத டயல்

பழைய ஜெர்மன் ராணுவ பாக்கெட் வாட்ச்சை விற்க வருகிறவர் முதலில் சொல்வது, "டயல் புதுசு மாதிரி இருக்கு சார்" என்பதுதான். அந்த ஒரு சொல்லிலேயே கடிகாரத்தின் பாதி மதிப்பு போய்விட்டது என்பது என் கட்சி. எந்திரத்தைப் பிரித்துக் கழுவலாம், எண்ணெய் விடலாம், அறுந்த மெயின் ஸ்பிரிங்கை மாற்றலாம். டயலில் மட்டும் தூரிகை படக்கூடாது. பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை தோலோடு புழங்குகிறவர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. மாட்டின் மேல் விழுந்த முள்கீறலும் உண்ணிக்கடித் தழும்பும் தெரிய, கிரெய்னைத் தொடாமல் விட்ட தோல் ஒரு தரம். அதையே பஃபிங் போட்டுத் தேய்த்து, மேலே நிறம் அடித்து, பொய்க் கிரெய்ன் அச்சுப் பதித்தால் அது வேறு தரம். இரண்டாவதுதான் கடையில் பளபளக்கும். ஆனாலும் எது உசத்தி என்று எந்த டேனரி மேஸ்திரியும் விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். தோலில் இத்தனை கூர்மையான கண் வைத்திருக்கிற வட்டாரத்தில் வாட்ச் சேகரிப்பவர்கள்கூட மறுபூச்சு டயலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது எனக்கு ஆறவே இல்லை.

ஜெர்மன் வாட்ச் என்றதும் என் மனம் போய் நிற்பது ஒரே இடத்தில்தான்: கிளாஸ்ஹூட்டெ ஊரில் ஏ. லாங்கே நிறுவனம் கடற்படைக்குச் செய்த டெக் வாட்ச். லாங்கேயின் தங்க மூடி போட்ட வாட்ச்களே அந்தக் கைவினையின் உச்சம் என்பவர்கள் உண்டு. அவற்றின் செதுக்கு வேலையை நானும் மதிக்கிறேன். ஆனால் ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே 1845 டிசம்பரில் சாக்சனி மலைப்பகுதியின் அந்த ஏழைச் சுரங்க ஊருக்கு வந்து, 15 பையன்களை வைத்துத் தொழில் கற்றுக்கொடுக்கத் தொடங்கியபோது அவர் தேடியது துல்லியத்தை. அந்தத் தேடல் ஒளிவுமறைவில்லாமல் தெரிவது டெக் வாட்ச்சில்தான். 1864இல் அவர் முடிவான வடிவம் கொடுத்த முக்கால் பிளேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரங்களின் மேல்முனைகளைத் தனித்தனிப் பாலங்களில் தாங்காமல் ஒரே அகன்ற தகட்டில் தாங்குவதால், ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி அசையாது. ரிப்பேர்காரருக்கு அது பெரிய சோதனை. தகட்டைத் திரும்ப மூடும்போது எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் அதனதன் ஜுவல் துளையில் உட்கார வேண்டும். ஒன்று பிசகினாலும் முனை முறியும். பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாத இடத்தில் இவ்வளவு சிரமத்தை ஏற்றுக்கொண்ட அந்த மனநிலைக்காகவே லாங்கேயை நான் மற்ற எல்லாருக்கும் முன்னால் வைக்கிறேன்.

அந்த வாட்ச்சின் டயலை அதன் வேலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கப்பலின் பெரிய குரோனாமீட்டர் உள்ளே பெட்டியை விட்டு நகராது. அதனோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த டெக் வாட்ச்சை மேல்தளத்துக்கு எடுத்துப்போய், செக்ஸ்டன்ட்டில் சூரியனையோ நட்சத்திரத்தையோ பிடிக்கும் கணத்தை அதில் குறிப்பார்கள். நான்கு விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டருகே கப்பலின் இடம் ஒரு கடல் மைல் தள்ளிப்போகும். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், கரை தெரியாத வங்காள விரிகுடாவில் வழி கண்டதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். அதனால்தான் ஆறு மணி இடத்தில் விநாடி வட்டம் அத்தனை பெரிதாக இருக்கிறது. பல லாங்கே டெக் வாட்ச்களில் பன்னிரண்டின் கீழே, சாவி எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சின்ன முள் இருக்கும். 1879இல் லாங்கே காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. ஸ்பிரிங் தளரத் தளர ஓட்டம் மாறும் என்பதால், தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்தார்களா என்பதற்கு அந்த முள்ளே சாட்சி. அழகுக்கென்று ஒரு கோடுகூட இழுக்காத இந்த டயலில், பிறகு வந்த ஒருவர் எண்களைக் கொஞ்சம் தடிமனாக வரைந்தாலே அதன் இயல்பு கெட்டுவிடும்.

இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் தரைப்படையின் சாதாரண சர்வீஸ் வாட்ச்களில் இந்த வாதம் இன்னும் வலுக்கும். பின்மூடியில் 'டி'க்கும் 'எச்'சுக்கும் நடுவே எண் வெட்டியவை அவை. உள்ளே இருப்பது பெரும்பாலும் சுவிஸ் எந்திரம். முட்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். அப்படி ஒரு வாட்ச் நின்றுபோய் வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்தால், முள் நின்ற இடத்துக்குக் கீழே வெளிர் டயலில் பழுப்பாக ஒரு நிழல் படியும். முள்ளை நகர்த்தினாலும் நிழல் அங்கேயே நிற்கும். லென்ஸை வைத்துப் பார்த்தால் விளிம்பு மங்கி, நடுவில் அடர்ந்து, அச்சு மைக்கு அடியில் ஊறியது போலத் தெரியும். எந்தப் போலிக்காரருக்கும் எளிதில் கைவராத கையெழுத்து இது. மறுபூச்சு முதலில் அழிப்பது இதைத்தான். இன்னொரு சோதனையும் உண்டு. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. ஆனால் அதனோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளிலேயே ஓய்ந்துவிடும். போர்க்கால டயல் இன்றைக்கும் இருட்டில் பளிச்சென்று எரிந்தால், அது பின்னால் யாரோ பூசியது.

கழுகு முத்திரைக்காகவே வாங்குகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களோடு எனக்கு ஒட்டாது. நாஜி ஆட்சியின் சின்னத்துக்கு விலை ஏற ஏற, போலியும் பெருகிவிட்டது. சந்தையில் கழுகு டயலோடு வரும் பாக்கெட் வாட்ச்களில் பலவற்றைத் திறந்தால் உள்ளே சோவியத் மோல்னியா எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். செல்யாபின்ஸ்க் தொழிற்சாலையில் மோல்னியா தயாரானதே 1947இல்தான். 1945இல் முடிந்த போருக்கு அது போயிருக்க முடியாது. பின்மூடியைத் திறக்காமல் காசை எண்ணிக் கொடுக்கும் பழக்கம் சேகரிப்பாளர்களிடையே பரவியிருப்பதுதான் எனக்குப் பெரிய மனக்குறை. 1945 மே 8 அன்று லாங்கேயின் முக்கிய உற்பத்திக் கட்டடம் குண்டுவீச்சில் போனதும், 1948இல் நிறுவனம் அரசுடைமை ஆனதும், மிச்சமிருக்கும் அசல்களை இன்னும் அரிதாக்கிவிட்டன.

என் கட்சிக்கு எதிராக வரும் நல்ல கேள்வி ஒன்று: கடிகாரம் நேரம் பார்க்கத்தானே, எழுத்து மங்கியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தினமும் உபயோகிக்க வாங்குபவருக்கு இது நியாயமான கேள்வி. ஆனால் அவர் பழைய ராணுவ வாட்ச்சைத் தேடுவானேன்? செய்தவன் கொடுத்த தோற்றத்தையே மறுபூச்சு மீட்கிறது என்றும் சொல்வார்கள். மீட்கவில்லை. உலையில் சுட்ட எனாமல் டயலில் விழுந்த மயிரிழை விரிசலை எந்தப் பெயின்ட்டும் நேராக்காது. பெயின்ட் அதை மூடி மட்டும் வைக்கும். நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1961இல் சிட்டிசன் கைகொடுக்க பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் உற்பத்தியில், சாவி கொடுக்கும் ஜவான் நேர்மையான சிப்பாய் வாட்ச். 2016இல் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தபிறகு, எச்.எம்.டி. ஒருநாளும் அச்சடிக்காத நிறங்களில் ஜவான் டயல்கள் சந்தையில் குவிகின்றன. அடித்துக் கொடுக்கும் தொழிலாளியைக் குறை சொல்ல மாட்டேன். அது அவர் பிழைப்பு. கேட்டு வாங்குகிற நாம்தான் அசல் ஜவானைக் காணாமல் அடிக்கிறோம்.

வாட்ச் பாக்கெட்டிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறிய முதல் உலகப்போரில், சிப்பாய்கள் பாக்கெட் வாட்ச்சையே தோல் கிண்ணத்தில் பொருத்திக் கையில் கட்டினார்கள். அதே போரில் பிரிட்டிஷ் பூட்ஸின் மேல்தோலுக்கு மெட்ராஸ் மாகாணத்தின் ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் போனது, 1916இல் பிரிட்டிஷ் போர்த்துறையே அதை நேரடியாக வாங்கத் தொடங்கியது. அதனால் பாக்கெட் வாட்ச்சுக்குத் தோல் உறை தைத்துக்கொள்ளும் ஆசை நம் பக்கத்தில் இயல்பானதே. காட்சிக்கு வைக்கும்போது போடலாம். பூட்டி வைக்கும்போது கழற்றிவிட வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஏறிய தோலில் அமிலமும் கொழுப்பும் இருப்பதால், நிக்கல் பூச்சு தேய்ந்து பித்தளை தெரிகிற கேஸில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ரேடியப் பூச்சு பொடிந்திருந்தால் கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். அந்தத் தூள் மூக்கில் போகக்கூடாது. பழகிய ரிப்பேர்காரரிடம் கொடுக்கும்போதும் எந்திரத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். டயலைத் தொட வேண்டாம் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.