பின்கட்டுப் புகைக்குழாய்: சுவரா, கூரையா?

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் குளிர்காய அடுப்பு தேடுபவர் கிடையாது. ஆனால் மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டை எரிக்கும் அடுப்பைச் சமையலுக்கென்று பின்கட்டில் வைக்க நினைப்பவருக்கும் குளிர்நாட்டாரின் கேள்விதான் வரும். புகைக்குழாயைச் சுவரில் துளையிட்டு அப்படியே வெளியே விடுவதா, கூரைக்கு மேலே ஏற்றுவதா?

சுவர்க் கட்சியில் நியாயம் இருக்கிறது. இந்த அடுப்பில் புகையைத் தள்ளுவது மோட்டார் விசிறி. உயரமான குழாயின் இழுவையை நம்பி அது எரிவதில்லை. 3 அங்குலக் குழாய், ஒரு துளை, வேலை முடிந்தது. தகரக் கூரையைத் துளைத்தால் மழை ஒழுகுமே என்ற பயமும் இல்லை. உயரத்தின் இழுவையே இங்கு குறைவு என்றும் அவர்கள் சொல்லலாம். உண்மைதான். புகை 150 டிகிரியில் இருந்தால், வெளியே பூஜ்ஜிய டிகிரி உள்ள ஊரைவிட 28 டிகிரி உள்ள நம் ஊரில் அதே குழாயின் இழுவை கால் பங்கு குறையும்.

ஆனால் அந்தக் கட்சி காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. நமக்கு மேற்கே கடல், கிழக்கே மலை. பிற்பகலில் கடற்காற்று, மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் சேரும். மேற்குச் சுவரில் குழாய் வாயை வைத்தால் காற்று எதிர்த்து அடிக்கும். கிழக்குச் சுவரில் வைத்தால், வீட்டின் மறைவில் சுழலும் காற்று புகையை ஜன்னல் வழியே திரும்ப உள்ளே கொண்டுவரும். விசிறி வைத்த குழாயின் வாய் ஜன்னலுக்குக் கீழேயோ பக்கத்திலோ 4 அடி தள்ளி, அல்லது மேலே 1 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 211 விதி. குளிருக்கு ஜன்னலைச் சாத்திவைக்கும் ஊரில் அது போதும். வருஷம் முழுக்கத் திறந்தே கிடக்கும் நம் ஜன்னல்களுக்குப் போதாது.

இன்னொன்று மின்சாரம். இடிமழையில் கரண்ட் போனால் விசிறி நின்றுவிடும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் பெல்லட் புகைந்துகொண்டே இருக்கும். படுக்கையாகப் போகும் குழாயில் அந்தப் புகை தயங்கி அறைக்குள் கசியும். கால் பங்கு குறைந்த இழுவையானாலும், நிமிர்ந்த குழாய் அதை மேலே கொண்டுபோய்விடும். என் கணிப்பில் இந்த ஒரு காரணமே போதும்.

கூரையைத் துளைக்கவும் வேண்டாம். சுவர் வழியே 2 அடி வெளியே வந்து, அங்கே ஒரு டி-மூட்டு வைத்து 12 அடி ஏற்றலாம். குழாய் தரும் தடைக்குக் குழாய்க்காரர்கள் போடும் புள்ளிக் கணக்கில் டி-மூட்டுக்கு 5, படுக்கைக்கு அடிக்கு 1, நிமிர்வுக்கு அடிக்கு அரை: மொத்தம் 13. 3 அங்குலக் குழாய்க்கு வரம்பு 15 என்பதால் அதுவே போதும். மழைக்காக நீட்டிய இறவாரத்தைச் சுற்றிப்போக 45 டிகிரி வளைவு இரண்டு போட்டால் தலைக்கு 3 கூடி 19 ஆகிவிடும். 4 அங்குலம் வாங்கியே தீர வேண்டும். கடலோரம் என்பதால் துருப்பிடிக்காத எஃகு, தலையில் மழைத்தொப்பி.

புகைக்குழாயே இல்லாமல் செய்துபார்த்தவர்களும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோடு சேர்ந்து பி.பி. எண்ணெய் நிறுவனம் கொண்டுவந்த ஊர்ஜா பெல்லட் அடுப்பு தமிழ்நாட்டிலும் விற்றது. சின்ன விசிறி, குறைந்த புகை, குழாய் கிடையாது. காற்றோட்டமான கூடத்துக்கு அது சரி. அடைத்த பின்கட்டுக்கு ஒத்துவராது.

ஆனால் குழாய் வைத்ததோடு வேலை தீர்வதில்லை. ஒடிசாவில் புகைக்குழாய் அடுப்புகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பொருளியலாளர்கள் ஹன்னா, டுஃப்ளோ, கிரீன்ஸ்டோன் ஆகியோரின் ஆய்வில், முதல் ஆண்டில் குறைந்த புகைப் பாதிப்பு பிறகு பழையபடி ஆனது. ஒழுங்காகப் பயன்படுத்துவதும் பழுதுபார்ப்பதும் விட்டுப்போனதே காரணம். சாம்பல் தட்டத் திறக்கும் டி-மூட்டின் அடிமூடி நின்றபடி கைக்கு எட்ட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ஏணி வைத்துத்தான் சாம்பல் தட்ட முடியும் என்றால், சுவர்க் கட்சிக்கே என் ஓட்டு.