கூம்பா: மரியோ ஆட்டத்தின் முதல் எதிரி

கூம்பா என்பது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்டு வரும் 'சூப்பர் மரியோ' வீடியோ கேம் தொடரில் இடம்பெறும் ஒரு சிறிய எதிரி உயிரினம். 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளியான 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் இது அறிமுகமானது. பழுப்பு நிறக் காளான் போன்ற தலை, கோபமான புருவம், வெளியே நீட்டிய இரு பற்கள், இரண்டு கால்கள். கைகள் கிடையாது. ஜப்பானிய மொழியில் இதன் பெயர் 'குரிபோ'. 'குரி' என்பது அந்நாட்டில் விரும்பி உண்ணப்படும் ஒரு கொட்டையின் பெயர்.

தொடரின் மிக எளிய எதிரி இதுவே. இதைப் பற்றித் தனியே எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஓர் ஆட்டம் ஆடுபவருக்கு எப்படிக் கற்பிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஒரு படைப்பு சொல்லும் கதையும் அது காட்டும் செயலும் முரண்படும்போது எதை நம்புவது என்ற கேள்வியையும் இது எழுப்புகிறது.

உருவான விதம்

ஆட்டத்தை வடிவமைத்தவர் சிகெரு மியாமோட்டோ. அவருடன் பணியாற்றியவர் தகாஷி டெசுகா. முதலில் வரும் எதிரியாக ஆமை வடிவிலான 'கூப்பா ட்ரூப்பா' இருந்தால், புதிதாக ஆடுபவருக்குக் கடினமாக இருக்கும் என்று உருவாக்கத்தின்போது தெரியவந்தது. ஆமையை மிதித்தால் அது ஓட்டுக்குள் ஒடுங்கும். பிறகு அந்த ஓட்டை உதைக்க வேண்டும். முதற்படியிலேயே இரண்டு செயல்கள். எனவே ஒரே மிதியில் முடிந்துவிடும் எதிரி ஒன்று தேவைப்பட்டது. அப்படிக் கடைசிக் கட்டத்தில் சேர்க்கப்பட்டதுதான் கூம்பா.

அதற்குள் நினைவகத்தில் இடம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பல மடங்கு பெரியது. ஆகவே கூம்பாவுக்கு ஒரே ஒரு நடைப்படம் வரைந்து, அதையே இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் புரட்டினார்கள். அந்தத் தத்தித் தத்தி நடக்கும் நடை அப்படி வந்தது.

முதற்பாடம்

ஆட்டம் தொடங்கும்போது மரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறார். வலப்பக்கம் வெளி திறந்து கிடக்கிறது. சில அடிகள் வைத்ததும் எதிரிலிருந்து ஒரே ஒரு கூம்பா வருகிறது. திரையில் எந்த விளக்கமும் இல்லை. சும்மா நின்றால் அது வந்து முட்டும், ஓர் உயிர் போகும். ஆனால் ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருப்பதால் இழப்பது சில நொடிகள் மட்டுமே. மறுமுறை குதிப்போம். குதித்து அதன் மேல் விழுந்தால் அது அப்பளம்போல் தட்டையாகி மறையும். 100 புள்ளிகள் கிடைக்கும்.

அடுத்து ஒரு பெட்டியிலிருந்து நன்மை தரும் காளான் ஒன்று வெளிவருகிறது. கூம்பாவும் காளான் வடிவம்தான் என்பதால் ஆடுபவர் அஞ்சக்கூடும். அந்தக் காளான் முதலில் விலகிச் சென்று, குழாயில் மோதித் திரும்பி, மரியோவை நோக்கியே வருகிறது. பெரும்பாலும் அது நம்மேல் பட்டுவிடும். மரியோ பெரிதாகி விடுவார். ஒத்த உருவம் கொண்ட இரண்டில் எது தீயது, எது நல்லது என்பது இப்படித்தான் தெரியவருகிறது. அதன்பின் குழாய்களுக்கு இடையே முதலில் ஒரு கூம்பா, அடுத்து இரண்டு கூம்பாக்கள்.

'எளியதிலிருந்து அரியதற்கு' என்பது ஆசிரியர் பயிற்சியில் முதலில் சொல்லித்தரும் விதிகளில் ஒன்று. அந்த விதியைச் சொல்லும் ஆசிரியர்கள் பலர். முதல் கணக்கையே கடினமாகக் கொடுத்துப் பிள்ளையை மிரளவைக்காதவர்கள் சிலர். முதல் தவறு மலிவாக இருக்க வேண்டும், ஆனால் அது தவறு என்று தெரியவும் வேண்டும். கூம்பா இரண்டையும் செய்கிறது. அது ஆபத்தே இல்லாத பொம்மையாக இருந்திருந்தால் பாடம் நடந்திருக்காது.

துரோகி என்ற பட்டம்

ஆட்டத்துடன் வந்த கையேடு வேறு கதை சொல்கிறது. கூம்பாக்கள் ஒருகாலத்தில் காளான் நாட்டைச் சேர்ந்தவை. பின்னர் நாட்டுக்குத் துரோகம் செய்து பகைவன் பக்கம் சேர்ந்தவை. இக்கதை ஆட்டத்துக்குப் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திரையில் கூம்பா செய்வது என்ன? அது மரியோவைத் துரத்துவதில்லை, எதையும் எறிவதில்லை. எதிர்ப்பட்ட திசையில் நடக்கிறது. தடுப்பு வந்தால் திரும்புகிறது. பள்ளம் வந்தால் விழுந்து மடிகிறது. சிவப்பு ஆமைகூட விளிம்பில் நின்று திரும்பிக்கொள்ளும். கூம்பாவுக்கு அந்த அறிவும் கொடுக்கப்படவில்லை. வஞ்சகம் செய்யத் திட்டம் வேண்டும். இதனிடம் திட்டம் எதுவும் இல்லை. மிதிப்பவரின் மனம் உறுத்தாமலிருக்க ஒட்டப்பட்ட முத்திரையாகவே 'துரோகி' என்ற சொல் தெரிகிறது. அதை மிதிக்காமல் தாண்டிச் சென்றாலும் ஆட்டம் தடுப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

தமிழகத்தில் இவ்வாட்டம் பரவிய விதம் இங்கே நினைக்கத்தக்கது. தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊர்கள்வரை வந்தவை பெரும்பாலும் ஜப்பானியக் கருவியின் நகல்கள். ஒரே கேசட்டில் பல ஆட்டங்கள் இருக்கும். கதை சொல்லும் கையேடு பொதுவாக இருக்காது. எனவே நம் பிள்ளைகளில் பலர் துரோகக் கதையை அறியாமலே கூம்பாவைச் சந்தித்தார்கள். அவர்களுக்கு அது வழியில் வரும் ஒரு காளான், அவ்வளவுதான். கையேட்டை எழுதியவரைவிட அவர்கள் ஆட்டத்தைச் சரியாகப் படித்தார்கள் என்று சொல்லலாம்.

பிற்கால ஆட்டங்களில்

1988இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3' ஆட்டத்தில் சிறகு முளைத்த கூம்பாக்கள் வந்தன. இது திறன் கூட்டல் மட்டுமே. அதன் இயல்பு மாறவில்லை. உண்மையான மாற்றம் 2000இல் வெளியான 'பேப்பர் மரியோ'வில் நிகழ்ந்தது. அதில் கூம்பாக்களுக்கு ஓர் ஊர் உண்டு, குடும்பம் உண்டு. கூம்பாரியோ என்ற இளைய கூம்பா மரியோவின் ரசிகன். உடன் பயணம் செய்கிறான். துரோகிக் கூட்டம் என்ற முத்திரை அங்கே தளர்கிறது.

2017இல் வந்த 'சூப்பர் மரியோ ஒடிசி' இன்னும் ஒருபடி முன்னே செல்கிறது. மரியோ தன் தொப்பியை எறிந்து கூம்பாவின் உடலுக்குள் புகலாம். பனித்தரையில் மரியோ வழுக்குவார், கூம்பா வழுக்காது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கூம்பாக்களை அடுக்கி, மரியோவால் எட்ட முடியாத உயரத்தை எட்டலாம். மரியோ நெருங்கினால் மறைந்துவிடும் ஒரு பெண் கூம்பா, கூம்பா அடுக்கு வந்தால் நின்று வரவேற்கிறாள்.

மதிப்பீடு

முதல் ஆட்டத்துக் கூம்பா, வடிவமைப்பில் குறை சொல்ல முடியாதது. குறை அதற்குக் கொடுக்கப்பட்ட வரலாற்றில் உள்ளது. அந்தக் குறையை ஆட்டத் தொடரே மெல்லத் திருத்திக்கொண்டது என்பது பாராட்டத்தக்கது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக மேலிருந்து மிதித்த ஒன்றின் இடத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பை 'ஒடிசி' தந்தது. கதைப்பாத்திரங்களை ஆராயும் மாணவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஒரு பாத்திரத்தைப் பற்றி முன்னுரை சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அது என்ன செய்கிறது என்று பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் செயலின் பக்கம் நில்லுங்கள்.