கிழிந்த தமனியும் கணினியின் கணக்கும்

பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்தால் வலி நெஞ்சை வெட்டிக்கொண்டு முதுகுக்குப் பாயும். பார்ப்பவர்கள் மாரடைப்பு என்றே நினைப்பார்கள். அந்த நினைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டால், மருந்தே உயிருக்கு உலை வைத்துவிடும். இதயத்தை ஒட்டிய பகுதியில் கிழிசல் விழுந்து அறுவை சிகிச்சை தாமதித்தால், மணிக்கு நூற்றில் ஓரிருவர் வீதம் இறப்பார்கள் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

இங்கேதான் செயற்கை நுண்ணறிவு உதவுகிறது. சாயம் ஏற்றி எடுத்த சிடி படத்தில், தமனியின் வட்டத்துக்குள் நூல்போல ஒரு கோடு ஓடி, ரத்தப்பாதை இரண்டாகப் பிரிந்திருப்பது தெரியும். சாயம் ஏற்றாத படத்தில் அந்தக் கோடு பெரும்பாலும் கண்ணுக்குச் சிக்காது. சீன ஆய்வாளர்களின் 'ஐஅயோர்ட்டா' மென்பொருள் அப்படிப்பட்ட சாதாரணப் படத்திலேயே கிழிசலைக் கண்டுபிடிக்கிறது. இரவுப்பணியில் ஒரே மருத்துவர் இருக்கும் மாவட்ட மருத்துவமனைக்கு இது பெரிய துணை.

செயற்கை நுண்ணறிவு தரும் 'ஆளுக்கேற்ற சிகிச்சை' என்ற வாக்குறுதிக்கும் நியாயம் உண்டு. தமனி 5.5 செ.மீ. அளவுக்கு விரிந்தால் முன்கூட்டியே அறுவை செய்யலாம் என்பது பழைய அளவுகோல். ஆனால் 2007இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டு ஆய்வில், கிழிசலோடு வந்தவர்களில் பத்தில் ஆறு பேருக்குத் தமனி அந்த அளவை எட்டியிருக்கவே இல்லை. ஆறடி ஆணுக்கும் ஐந்தடிப் பெண்ணுக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? உயரம், தமனியின் வடிவம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒருசேர எடைபோட கணினியால் முடியும்.

ஆனால் அப்படி எடைபோடும் கணினி யாரைப் பார்த்துக் கற்கும்? 1996இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டில் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகள். அங்கே கற்ற கணக்கு நமக்குப் பொருந்தாமல் போகலாம்: இளம்பெண்களின் தமனியை அழற்சியால் சிதைக்கும் தகயாசு நோய் நம் நாட்டில் அங்கிருப்பதைவிட அதிகம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி டெல்லி எய்ம்ஸ் வாசலை அடைபவர், வழியில் சாகாமல் தப்பியவர். வழியில் இறந்தவர் எந்தப் பதிவிலும் இல்லை. தப்பியவர்களை மட்டும் படிக்கும் கணினி, இந்த நோயைச் சாதுவானது என்று தப்புக்கணக்குப் போடும். 'காத்திருக்கலாம்' என்றும் சொல்லும். அந்தப் பிழைக்கு விலை ஓர் உயிர்.

எய்ம்ஸை அடுத்து அன்சாரி நகரிலேயே இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2023இல் மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு அறநெறி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வழிகாட்டுதல் மட்டும் போதாது. டெல்லியின் எய்ம்ஸ், ஜி.பி. பந்த் போன்ற மருத்துவமனைகளின் தமனிக் கிழிசல் பதிவுகளையும், வரும் வழியில் நேர்ந்த மரணங்களையும் கழகம் ஒரே பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அதில் தேறும்வரை இத்தகைய மென்பொருளைக் கிழிசலைக் கண்டு மணியடிக்க மட்டும் வையுங்கள். அறுவையா, காத்திருப்பா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.