பொதுச்சுவரில் பாதி

கி.பி. 921-ல், முதலாம் பராந்தகன் காலத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் வெட்டப்பட்ட கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுதப்படுகிறவருக்குக் கால் வேலி இறைநிலம் இருந்தால் மட்டும் போதாது, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கவும் வேண்டும் என்கிறது. அந்த ஊரில் இன்று வீடு வாங்குபவர்களில் சிலர் புது மனைப்பிரிவுகளை விட்டுவிட்டு, பழைய தெருக்களில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓட்டு வீடுகளைத் தேடுகிறார்கள். நல்ல தேர்வுதான். கடைத்தெருவும் கோயிலும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. தடித்த சுண்ணாம்புச் சுவர் சித்திரை வெயிலையும் தாங்கும். திண்ணையும் தேக்குத் தூணும் இன்றைய விலையில் புதிதாகச் செய்யக் கட்டுப்படியாகாதவை.

ஆனால், தூணைத் தட்டிப் பார்க்கிறவர்கள் பொதுச்சுவரைப் பார்ப்பதில்லை. இரண்டு வீட்டு உத்திரங்களும் அந்த ஒரே சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கரையான் அரித்திருந்தால் மாவாக உதிரும். பக்கத்து வீட்டார் நாளை இடித்துக் கான்கிரீட் போட்டால், அதிர்வை வாங்குவது நம் பக்கத்துக் காரைதான்.

புதுப்பிக்கிறேன் என்று செய்வதில் பாதி கெடுதல். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும்; மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்பு பூக்கும், ஒரு மழைக்காலத்திலேயே பூச்சு கழன்றுவிடும். முற்றத்தை மூடுவது அதைவிட மோசம். இருபக்கமும் ஜன்னல் வைக்க முடியாத வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் அது ஒன்றுதான். அந்தத் தவறை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. குளியலறையையும் சமையலறையையும் பின்கட்டில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம், யாருக்கும் நட்டமில்லை.

பத்திரத்தில் சிக்கல் இன்னும் ஆழம். பாகப்பிரிவினையில் கூடமே குறுக்காகப் பிரிந்த வீடுகள் உண்டு. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டமாகி, 2005-ல் மத்தியச் சட்டத்திலும் வந்துவிட்டது. எல்லா வாரிசுகளும் கையெழுத்திடாத கிரயம் பின்னாளில் வழக்காகும். முத்திரைத்தாளும் பதிவும் சேர்ந்து 9 சதவீதம் செலவழித்து வழக்கை வாங்கவேண்டாம். பத்திரத்தின் எல்லை விவரமான சக்குபந்தியில் பொதுச்சுவர் யாருக்கு எவ்வளவு என்று தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, உத்திரம் மாற்றும் உரிமையை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டாரிடம் பேசி எழுதி வாங்கிவிட வேண்டும்.