கப்பல் வெறுமையாகத் திரும்பக் கூடாது

அன்னோ 1404 என்ற கணினி விளையாட்டைத் திறந்ததும் அநேகர் செய்வது ஒன்றுதான். கண்ட இடமெல்லாம் வீடு கட்டுவார்கள். வீடு கூடினால் வரி கூடும், வரி கூடினால் காசு கூடும் என்பது கணக்கு. கொஞ்ச நேரத்தில் குடிகள் ஆப்பிள் மது கேட்பார்கள், துணி கேட்பார்கள், மசாலா கேட்பார்கள். கொடுக்க ஒன்றும் இராது. கருவூலம் சிவப்புக்கு இறங்கும், குடிகள் மூட்டை கட்டுவார்கள். "என்ன கண்டறியாத விளையாட்டு" என்று மூடிவைத்துவிட்டுப் போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ள எத்தாளையிலும் அதன் அக்கம்பக்கத்திலும் இருப்பவர்களுக்கு இந்த விளையாட்டு விரைவாகப் பிடிபடும் என்பது என் எண்ணம். காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

விளையாட்டு 2009-இல் வந்தது. ஜேர்மனியின் ரிலேட்டட் டிசைன்ஸ், புளூ பைட் இரண்டும் சேர்ந்து செய்ய, யுபிசொஃப்ட் வெளியிட்டது. 1998-இல் அன்னோ 1602 என்று தொடங்கிய வரிசையில் இதுவும் ஒன்று. வரிசையின் எந்தப் பெயரை எடுத்தாலும் எண்களைக் கூட்டிப்பாருங்கள், ஒன்பது வரும். எண் சாத்திரக்காரர் யாரோ உள்ளே இருந்திருக்க வேண்டும். கடலில் சிதறிய தீவுகள், உங்கள் கையில் ஒரு கப்பல், அதற்குள் கொஞ்சம் மரமும் கருவிகளும். ஒரு தீவில் பண்டகசாலை கட்டி, சந்தை வைத்து, குடியானவர்களைக் குடியேற்றி, அவர்களை நகரத்தார், பெருவணிகர், பிரபுக்கள் என்று படிப்படியாக உயர்த்த வேண்டும். சண்டையும் உண்டு. அதை ஒதுக்கிவைத்துவிட்டே விளையாடலாம், விளையாட வேண்டும் என்றும் சொல்வேன்.

சூட்சுமம் எங்கே இருக்கிறதென்றால், எந்தத் தீவிலும் எல்லாம் விளையாது. ஒன்றில் சணல் நன்றாக வரும், கோதுமை வராது. இன்னொன்றில் கோதுமை உண்டு, இரும்பு இல்லை. குடியானவருக்கு மீனும் ஆப்பிள் மதுவும் போதும். நகரத்தாராக உயர்ந்ததும் மசாலா வேண்டும் என்பார்கள். மசாலாவோ வடக்குத் தீவு எதிலும் முளைக்காது, தெற்கே கீழைத்தேயத் தீவுகளில்தான். ஆக, இரண்டாவது படியிலேயே நீங்கள் கடல் தாண்டியாக வேண்டும். கட்டுவது பாதி வேலை, ஏற்றி இறக்குவது மறுபாதி. அந்த மறுபாதியில்தான் ருசி.

கற்பிட்டிக் குடாநாட்டில் இது ஒன்றும் புதினமில்லை. மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே ஒரு மணல் நாடா. அந்த நாடாவில்தான் எத்தாளை இருக்கிறது. கற்பிட்டிக்கு வடக்கே கடலுக்குள் பத்தலங்குண்டு. மீனவர் வாடிகள் உள்ள தீவு. வயல் இல்லை, ஆறு இல்லை. கற்பிட்டித் துறையில் ஒரு படகை நின்று பாருங்கள். அரிசி மூட்டை, மாவு, மண்ணெண்ணெய், தண்ணீர்க் கலன் என்று ஏற்றிக்கொண்டு போகும். அதே படகு கருவாட்டுச் சிப்பங்களோடு திரும்பும். வெறும் படகாகத் திரும்பினால் எரிபொருள் காசு யார் தலையில்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டவருக்கு அன்னோவின் பாதி வந்துவிட்டது.

விளையாட்டில் இதற்கென்று வணிகப் பாதை அமைக்கும் பலகை ஒன்று இருக்கிறது. எந்தத் துறையில் எதை ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று ஒருமுறை எழுதிவிட்டால் கப்பல் தானாக ஓடிக்கொண்டிருக்கும். புதியவர்கள் மசாலாத் தீவிலிருந்து தலைநகருக்கு ஒரு பாதை போட்டுவிட்டுத் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். போகும் கப்பல் காலி. அதில் மரம் ஏற்றுங்கள், கருவிகள் ஏற்றுங்கள். அந்த வறண்ட மசாலாத் தீவில் காடு குறைவு, அங்கே கட்டுமானத்துக்கு அவை வேண்டும். போகவும் சுமை, வரவும் சுமை என்று ஒரு பாதை அமைந்த பிறகு கப்பலின் பின்னாலேயே திரையை நகர்த்திக்கொண்டு போய்ப் பாருங்கள். பாய் விரிவதும், துறை நெருங்க வேகம் குறைவதும், பண்டகசாலைக் கணக்கில் எண் ஏறுவதும் ஒரு நல்ல தவில் தனியில் தாளம் வந்து சேரும் இடத்தைப் போல இருக்கும்.

அடுத்தது உற்பத்திச் சங்கிலி. இரண்டு சணல் தோட்டத்துக்கு ஒரு நெசவுக்குடில். இரண்டு கோதுமைப் பண்ணைக்கு ஒரு ஆலை, ஒரு ரொட்டி அடுப்பு. விகிதத்தை மனப்பாடம் செய்து பெட்டி பெட்டியாகக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள், நானும் தடுக்கவில்லை. ஆனால் முதல் முறை அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நெசவுக்குடிலைக் கட்டிவிட்டு அதன் வாசலில் காத்திருங்கள். கைவண்டிக்காரன் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறான், குடில் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது என்று பார்த்தாலே இன்னொரு தோட்டம் வேண்டுமா, இல்லை பாதைதான் நீளமா என்று தெரிந்துவிடும்.

சங்கிலிகளில் எனக்குப் பிடித்தது தோற்சட்டை. பெருவணிகர் கேட்பது. பன்றித் தோலைப் பதனிட உப்பு வேண்டும். விளையாட்டில் உப்பு சுரங்கத்திலிருந்து உவர்நீராக வந்து, கரி எரித்துக் காய்ச்சப்படுகிறது. கரிக்குக் காடு வேண்டும். ஒரு சட்டைக்காக ஒரு காடே அடுப்புக்குள் போகிறது. புத்தளத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது வேடிக்கையாக இருக்கும். நமக்கு வெயிலும் காற்றும் இனாமாகச் செய்கிற வேலைக்கு இவர்கள் விறகு எரிக்கிறார்களே! ஆனால் வட ஜேர்மனியின் நிலவரம் அதுதான். லூனெபுர்க் ஊரின் உவர்நீரைக் காய்ச்சித்தான் உப்பு எடுத்தார்கள். அதை லூபெக் துறைமுகத்துக்குக் கொண்டுவர ஸ்டெக்னிட்ஸ் கால்வாயை வெட்டி முடித்தது 1398-இல், விளையாட்டின் ஆண்டுக்கு ஆறே வருடம் முன்னால். அந்த உப்பு பால்டிக் கடலின் ஹெரிங் மீனுக்குள் போனது. லூபெக் போன்ற வணிக நகரங்களின் கூட்டணியான ஹான்சாவின் வணிகர்கள் சேர்த்த செல்வத்தில் பெரும்பங்கு உப்பும் மீனும் சேர்ந்த கூட்டில் வந்தது. கருவாட்டு வாடிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

(இந்த ஹான்சா உலகம் பிடித்துப்போனால் அஸ்காரொன் என்ற ஜேர்மன் கொம்பனியின் பெட்ரீஷியன் 3 இருக்கிறது. கண்ணுக்கு அழகு குறைவு. விலையேற்ற இறக்கம் மட்டும் அதில் அசல் சந்தைபோல. லூபெக்கில் மலிவாக வாங்கி நொவ்கொரொத்தில் விற்பதற்குள் எல்லா வியாபாரியும் அங்கே போயிருப்பான்.)

விளையாட்டில் குறையும் உண்டு. உப்புச் சுரங்கத்துக்கு மழைக்காலம் கிடையாது. இங்கே மழை விடாமல் பெய்து உப்பு விளைச்சல் விழுந்து, 2025-இல் சுற்றிவரக் கடல் உள்ள நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. அன்னோவின் கடலிலும் பருவக்காற்று கிடையாது, வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடலாம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள் கரைக்கு வராமல் ஆழத்தில் நிற்க, பாதைப் படகுகள் போய் இறக்கிவருவதை எத்தாளைப் பக்கத்தவர்கள் கண்டிருப்பார்கள். சோளகம் எழும்பிக் கடல் பொங்கும் மாதங்களில் அந்த வேலை நின்றுவிடும். அதற்குள் தேவையான கரியைக் கரையில் குவித்தாக வேண்டும். இப்படி ஒரு பருவத்தை வைத்திருந்தால் அன்னோ இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும். நீங்களே ஒரு விதி போட்டுக்கொள்ளலாம்: எந்தப் பண்டமும் பண்டகசாலையில் பாதிக்குக் கீழே போனால் புதிதாக வீடு கட்டுவதில்லை. சோம்பலான விதி, ஆனால் திவாலாக விடாது.

கீழைத்தேயத் தீவுகளுக்கு வருவோம். அங்கே நிலம் காய்ந்து கிடக்கும். நீரிறைக்கும் சக்கரம் ஒன்று கட்டினால் அதைச் சுற்றி ஒரு வட்டம் பச்சையாகும், அந்த வட்டத்துக்குள்தான் பேரீச்சையும் மசாலாவும். இறைக்க இறைக்க நிலத்தடி நீர் வற்றும். காசு கட்டித்தான் மறுபடி நிரப்ப வேண்டும். கற்பிட்டி வீதியின் இருமருங்கும் மணல்தரையில் கிணறு தோண்டி, மோட்டார் வைத்து, வெங்காயமும் மிளகாயும் பீற்றூட்டும் செய்பவர்களுக்கு அந்தப் பச்சை வட்டத்தின் ஓரம் எங்கே முடிகிறதென்று கண் உடனே போகும். இங்கே மணலுக்கடியில் நன்னீர் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. கூட இறைத்தால் உவர் ஏறும், கூட உரம் போட்டால் அதுவும் கிணற்றுக்கே வரும். விளையாட்டில் இல்லாதவை இந்த இரண்டு துன்பங்களும்தான்.

கீழைத்தேயம் என்று அவர்கள் வரைந்திருப்பது ஒட்டகமும் பேரீச்சையும் குவிமாடங்களும்தான். நம்முடைய கரை அதில் இல்லை. ஆனால் 1404-க்கு சரியாக 60 வருடம் முன்னால், 1344-இல், மாலைத்தீவிலிருந்து மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட பயணி இப்னு பதூதாவின் கப்பல் திசை தப்பி இலங்கையில் ஒதுங்கியது. அவர் பத்தாலா என்று எழுதிய ஊர் புத்தளம்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. சிறிய அழகான ஊர், சுற்றிலும் மரமதில், மரத்தாலேயே காவற்கோபுரங்கள் என்கிறார். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் மேடுமேடாகக் கிடந்தன. மாபாரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் அதை விலையில்லாமல் ஏற்றிப்போனார்கள், பதிலுக்கு அரசருக்குத் துணி முதலான காணிக்கை. அரசர் ஆரியச் சக்கரவர்த்தி, பாரசீகம் விளங்கிக்கொள்பவர், முன்னால் முத்துகளைக் குவித்து வைத்திருந்தவர். போகும்போது துணி, வரும்போது கறுவா. பாதைப் பலகையில் எழுதக்கூடிய ஒரு பாதை!

ஆகவே நான் சொல்லும் முறை இது. தெற்குத் தீவுகளில் ஒன்றைப் பத்தாலா என்று பெயர் மாற்றுங்கள், பெயர் மாற்ற விளையாட்டு விடுகிறது. அங்கே முத்துக் குளிப்போர் குடிலைக் கடலோரம் அமையுங்கள். குடில் நிமிடக்கணக்கில் முத்தெடுத்துக் கொடுப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். மன்னார்க் கடலின் முத்துப்பார்கள் ஆண்டுக்கணக்காக முத்து தராமல் கிடந்த காலங்கள் உண்டு, முத்துக்குளிப்பை நடத்திய கம்பெனிக்காரர் கணக்குப் புத்தகத்தோடு காத்துக் கிடந்தார்கள். விளையாட்டின் முத்துமாலையைக் கேட்பவர்கள் கீழைத்தேயத் தூதர்கள். அவர்கள் கோப்பியும் கேட்பார்கள். அந்த அளவுக்கு வந்துவிட்டால் நீங்கள் நல்ல ஆட்டக்காரர்.

இடையில் ஒரு கட்டம் வரும். அகதியாய் வந்த ஏழைகள் சிலர் உங்கள் துறையில் நின்று இடம் கேட்பார்கள். ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று இரண்டு பொத்தான். ஏற்றால் அவர்களுக்கு அறச்சாலை கட்ட வேண்டும், உணவு கொடுக்க வேண்டும். பிறகு விளையாட்டு அதற்குப் பலனும் தருகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள், பலர் கடல் வழியாகக் கற்பிட்டியில் இறங்கினார்கள். அந்த மக்களையும், அவர்களோடு கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் பகிர்ந்துகொண்ட ஊர்களையும் அறிந்தவர் இந்தப் பொத்தானை அவசரமாக அழுத்தமாட்டார். விளையாட்டுச் செய்தவர்கள் இதை ஒரு சின்னச் சம்பவமாகத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது சின்னதாகப் படவில்லை.

தொடங்குபவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். கருவிகள் தீர்ந்துபோக விடாதீர்கள். கருவிப்பட்டறை கட்டவே கருவி வேண்டும், அது இல்லாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். பண்டகசாலையில் கருவி வாங்கும் கட்டளை ஒன்றை ஆரம்பத்திலேயே போட்டுவையுங்கள், நோர்த்பர்க் பிரபுவின் வணிகக் கப்பல் வந்து விற்றுவிட்டுப் போகும். வரியை ஏற்றும்போது நிறத்தைப் பாருங்கள். பச்சையில் ஆட்கள் வருவார்கள், மஞ்சளில் அப்படியே நிற்பார்கள், சிவப்பில் போய்விடுவார்கள். ஒரு படியை முழுதாக நிரப்பாமல் அடுத்த படிக்கு யாரையும் உயர்த்தாதீர்கள். உயர்ந்தவன் அன்றைக்கே புதிய பண்டம் கேட்பான். தீயணைப்பு நிலையத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, வேகத்தைக் கூட்டாதீர்கள். காசு சேர வேண்டும் என்று வேகமாக ஓட்டுபவர்கள் இந்த விளையாட்டின் அழகான பகுதியை ஓட்டித் தள்ளிவிடுகிறார்கள். பொத்தான்களை எல்லாம் மறைத்துவிட்டு வெறும் ஊரை மட்டும் காட்டும் பார்வை ஒன்று இருக்கிறது. சந்தைச் சதுக்கத்துக்கு இறங்கி, காற்றாலை சுற்றுவதையும் கைவண்டி திரும்புவதையும் பாருங்கள். பேராலயம் கட்டி முடித்தால் அது பெரிய காட்சிதான், சந்தேகமில்லை. எனக்கு அதைவிட அதற்குக் கல் சுமந்துபோன கப்பலைத்தான் பிடிக்கும்.

வாங்குவதானால் 2020-இல் வந்த ஹிஸ்ட்ரி எடிஷனை வாங்குங்கள். வெனிஸ் என்ற 2010-இன் சேர்க்கையும் அதற்குள் இருக்கிறது, இப்போதைய கணினிகளிலும் ஓடுகிறது. தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைவிடப் படங்களே அதிகம் பேசும். விளையாட்டை அடிக்கடி சேமித்துக்கொள்ளுங்கள். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடே இருண்டபோது, நுரைச்சோலையின் இயந்திரங்களும் நின்று, அடுத்த சில நாட்களுக்குச் சுற்றுமுறையில் மின்வெட்டு வந்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வாசலிலிருந்து தெரியும் வீடுகளிலும் அதே வெட்டுத்தான்.